ஜெர்மன் சந்திரகுமாரின் குடல்

லண்டனில், ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் சந்திரகுமாரை அவருடைய பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. எல்லோருக்கும் அவர் 'ஜெர்மன்'. வீடுகளுக்கும் கடைகளுக்கும் கார்பெட் போடுவது அவர் தொழில். யாராவது நல்ல ஆள் தேடினால், "ஜெர்மனைக் கேள், வேலை சுத்தம். ஆனா நீ பக்கத்தில நிண்டு கதை கேக்கோணும்" என்றுதான் சொல்லிவிடுவார்கள்.

கதை எப்போதும் ஒன்றுதான். அங்கே ஜெர்மனியில் எல்லாம் எப்படி, இங்கே லண்டனில் எல்லாம் எப்படி. கதவு, தண்ணீர்க் குழாய், பாண், ரயில் எல்லாம் பேச்சில் வந்து போகும். கடைசியில் பேச்சு வைத்தியத்தில் போய் நிற்கும். அங்கே ஒரு இன்சூரன்ஸ் அட்டையை நீட்டினால் போதும், எந்த வைத்தியரும் கதவைத் திறப்பார். இங்கே காலையில் எழும்பி, பல்லும் தீட்டாமல், பகுதி வைத்தியருக்கு அடித்து, அவர்கள் எடுக்கும்வரை போனைக் காதில் வைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். வரிசையில் உங்கள் முறை வரும்போது அன்றைக்குரிய இடமெல்லாம் முடிந்திருக்கும். தப்பித் தவறி வைத்தியரைப் பார்த்துவிட்டாலும் பனடோல் போடச் சொல்லி அனுப்பிவிடுவார்.

இதில் ஒரு விஷயத்தை அவர் சொல்வதில்லை. டோர்ட்முண்டில் மாவைப் பிசைந்து பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த காலம் முழுக்க அவர் ஜெர்மனியையும் இதே வாயால்தான் திட்டினார். அப்போது ஜெர்மன்காரர் கல்நெஞ்சர்கள், வைத்தியர்கள் சிரிக்கத் தெரியாத மரக்கட்டைகள், தும்மினால்கூட இரத்தம் எடுக்கிறவர்கள். பிள்ளைகள் இங்கிலீஷ் படிக்க வேண்டும் என்று லண்டனுக்கு வந்து இறங்கியதோடு ஜெர்மனி சொர்க்கமாகிவிட்டது. விட்டுவிட்டு வந்த நாட்டை மட்டும் நேசிக்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். நேசிப்பதற்கு அது வசதி. அந்த நாடு திரும்ப எதையும் கேட்காது.

அவருக்கு அறுபது வயது தாண்டியதும் அரசாங்கத்திடமிருந்து ஒரு சின்னப் பொதி தபாலில் வந்தது. இந்த நாட்டில் அந்த வயதைக் கடந்த எல்லோருக்கும் அது வரும். குடலில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு குச்சியும் குப்பியும் அதற்குள் இருக்கும். மலத்தில் கொஞ்சம் தொட்டு, குப்பியை மூடி, திருப்பித் தபாலில் போட வேண்டும். சந்திரகுமாருக்கு இதைவிட நல்ல பகிடி கிடைத்திருக்காது. அந்தப் பொதியைக் கையோடு எடுத்துக்கொண்டு நேரே பாலேந்திராவின் தேத்தண்ணீர்க் கடைக்குப் போனார்.

"பாலேந்திரா, கேட்டீரே? குச்சியால தொட்டுப்போட்டு எனக்கு அனுப்பு எண்டு கவர்மெண்ட் கேக்குது."

"எதைத் தொட்டு, அண்ணை?"

"எதையெண்டு நினைக்கிறீர், கட்டச் சம்பலையோ?"

ரோல்ஸ் தின்றுகொண்டிருந்த இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டார்.

"ஜெர்மனில அம்பது வயசானா டொக்டரே கமரா விட்டுப் பார்ப்பார். இஞ்ச தபால்காரனிட்டக் குடுத்து விடட்டாம். பெரிய பணக்கார நாடு!"

"நானும் போன வருசம் அனுப்பினனான் அண்ணை. ஒண்டுமில்லையெண்டு கடிதம் வந்தது."

"உம்மட்ட ஒண்டுமில்லையெண்டு சொல்லுறதுக்கு உமக்கு ஒரு கடிதமோ? என்னைக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்."

கடையே சிரித்தது. பொதி குப்பைக் கூடைக்குள் போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இதே வழக்கு குடும்பத்துக்குள் நடக்கும். டோர்ட்முண்டில் அண்ணன் சுப்பிரமணியன், பாரிஸுக்கு வெளியே தங்கை பிரசாந்தினி, லண்டனில் சந்திரகுமார். மூவரும் போன் திரையில் கூடுவார்கள். யாருக்கு என்ன வருத்தம் என்று யாரும் கேட்பதில்லை. யாருடைய நாடு பெரிது என்பதுதான் பேச்சு.

"எங்கட பிரான்சில டொக்டரிட்டப் போனா ஒரு பை நிறைய மருந்து எழுதித் தருவார். பார்மசிக்காரன் தூக்கிக்கொண்டு வந்து தருவான்" என்பாள் பிரசாந்தினி.

"மருந்து கூடத் தாறதோ வைத்தியம்? அது மரக்கறிக் கடை" என்பார் சுப்பிரமணியன். "இஞ்ச எலும்புக்கு ஒரு டொக்டர், தோலுக்கு ஒரு டொக்டர், நரம்புக்கு ஒரு டொக்டர். நீங்களே போகலாம், ஒருத்தரையும் கெஞ்சத் தேவையில்லை."

"இஞ்ச எல்லாத்துக்கும் ஒரே டொக்டர். அவரையும் பார்க்க ஏலாது" என்று முடித்து வைப்பார் சந்திரகுமார். தான் வாழும் நாட்டை இப்படிக் கீழே போட்டு மிதிப்பதில் அவருக்கு ஒரு மரியாதை கிடைத்தது. அண்ணனும் தங்கையும் உச்சுக் கொட்டி இரங்குவார்கள். தங்களுடைய அட்டைகளையும் மருந்துப் பைகளையும் நினைத்துப் பெருமைப்பட அவர்களுக்கு ஓர் ஏழை நாடு தேவைப்பட்டது. லண்டன் அந்த வேடத்துக்குப் பொருந்தியது.

மலத்தில் இரத்தம் முதலில் தெரிந்தது பங்குனி மாதத்தில். மிளகாய் கூடிவிட்டது என்று தனக்குத்தானே சொன்னார். அடுத்த கிழமையும் இரத்தம் போனது. அதற்கடுத்த கிழமையும் போனது. மனைவி சுசிலாவிடம் சொல்லவில்லை. அவள் ஒரு ஆரம்பப் பள்ளியின் சமையலறையில் வேலை செய்கிறவள். சொன்னால் மறுநாள் காலையிலேயே போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்பாள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள் என்று அவருக்குத் தெரியும். ஊரெல்லாம் திட்டிய வைத்தியரிடம் போய் வரிசையில் நிற்க அவருக்கு மனம் வரவில்லை. அண்ணனுக்கு மட்டும் சொன்னார்.

"அங்க உன்னைப் பார்க்கமாட்டாங்கள்" என்றார் சுப்பிரமணியன். "நீ இஞ்ச வா. நான் எனக்குக் கமரா விடுறதுக்கு நாள் எடுத்து வைச்சிருக்கிறன். அதில நீ போ."

"என்னெண்டு அண்ணை? எனக்குத்தான் இப்ப அங்க இன்சூரன்ஸ் இல்லையே."

"என்ர கார்ட்டில போ."

இதைக் கேட்டுச் சந்திரகுமார் திடுக்கிடவில்லை. இருவருமே அந்தக் காலத்தில் வேறொருவருடைய கடவுச்சீட்டில்தான் ஐரோப்பாவுக்கு வந்தவர்கள். ஒரே புகைப்படத்துக்கு மூன்று பேர் முகத்தைப் பொருத்திய காலம் அது. அதனால் ஒருவருடைய அட்டையில் மற்றவர் வைத்தியம் பார்ப்பது அவர்கள் கண்ணுக்குக் களவாகத் தெரியவில்லை, சகோதர பாசமாகத்தான் தெரிந்தது.

சுசிலாவிடம், அண்ணன் வீட்டுக்குக் கார்பெட் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு டோர்ட்முண்டுக்குப் போனார். அங்கே குசினி மேசையில் இரண்டு கிழவர்களும் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். பிறந்த தேதி, குடும்ப வைத்தியரின் பெயர், அண்ணன் நீரிழிவுக்குப் போடும் குளிசை, எப்போதோ வெட்டிய குடல்வால். அகதி விசாரணைக்கு முந்தின இரவு கதை பாடமாக்கியதுபோலத்தான் இருந்தது.

"போட்டோவைப் பார்த்துப்போட்டுப் பிடிப்பாங்களோ, அண்ணை?"

"அந்தப் போட்டோவில நானே என்னை மாதிரி இல்லை. நீ கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டிரு, காணும்."

"இது எப்ப எடுத்த நாள்?"

"மாசியில எடுத்தது. இப்ப வைகாசி. ஸ்பெஷலிஸ்ட் எண்டா அப்பிடித்தான். பிரைவட் இன்சூரன்ஸ் இருக்கிறவனுக்குக் கெதியாக் கிடைக்கும்."

அண்ணனும் மூன்று மாதம் காத்திருந்திருக்கிறார். வேறு யாராவது லண்டனில் இப்படிச் சொல்லியிருந்தால் சந்திரகுமார் அதை வைத்து ஒரு மாதம் கடையில் பேசியிருப்பார். இது அவர் காதில் விழுந்து, தங்காமல் வெளியே போய்விட்டது.

மறுநாள் அந்த மருத்துவமனை அவர் சொல்லிக்கொண்டு திரிந்தது போலவே இருந்தது. கண்ணாடி, வெளிச்சம், சுவரோரம் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல்கள். வரவேற்பில் இருந்த பெண் அட்டையை வாங்கி, இயந்திரத்தில் செருகி, அவர் முகத்தை ஒரு நொடி பார்த்து, உட்காரச் சொன்னாள். அவ்வளவுதான். மயக்கம் கொடுத்தது தெரியாது, தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முடித்துவிட்டார்கள் பார், என்று அவர் மனம் குதித்தது.

பிறகு வைத்தியர் வந்து உட்கார்ந்தார். சந்திரகுமாருடைய ஜெர்மன் பாண் தொழிற்சாலையில் படித்தது. அதில் மாவு, உலை, மேலதிக நேரம் எல்லாம் இருந்தன. உடம்புக்குள் இருப்பவைக்குச் சொற்கள் குறைவு. ஆனால் 'டியூமர்' என்பதற்கு அகராதி தேவைப்படவில்லை. சின்னது, சோதனைக்கு அதில் கொஞ்சம் சதை வெட்டி எடுத்திருக்கிறோம், முடிவு உங்கள் குடும்ப வைத்தியருக்குப் போகும், ஆனால் எனக்குச் சந்தேகமில்லை, தாமதிக்காமல் ஆபரேஷன் செய்தால் தப்பலாம் என்று அவர் மெதுவாகச் சொன்னார். எழும்பும்போது கை கொடுத்தார்.

"நல்ல வேளை வந்தீர்கள், திரு சுப்பிரமணியன்."

உள்ளே பயம் இறங்குவதற்கு முன், ஒரு கணம், சந்திரகுமாருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரே முறையில் கண்டுபிடித்துவிட்டார்கள்! அப்படிப்பட்ட மனிதர் அவர். கட்டடத்தை விட்டு வெளியே வந்து அண்ணனின் காரில் ஏறிய பிறகுதான் வைத்தியர் சொன்னதை அண்ணனுக்குச் சொன்னார்.

"எப்ப ஒபரேஷனுக்கு வாறது, அண்ணை?" என்று கேட்டார்.

சுப்பிரமணியன் காரைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், கமரா விடுறது வேற, வெட்டுறது வேற."

"என்ன வேற? அதே கார்ட்தானே."

"நீ ஆஸ்பத்திரியில படுத்தா, நான் படுத்திருக்கிறன் எண்டு என்ர வேலைக்குக் கடிதம் போகும். நான் வெயார்ஹவுசில பெட்டி தூக்கிக்கொண்டு நிக்கிற நேரம் என்ர வயித்தை இஞ்ச எப்பிடி வெட்டுறது? யோசிச்சுப் பார்."

சந்திரகுமார் யோசித்துப் பார்த்தார். வழி எதுவும் தெரியவில்லை.

"நீ லண்டனுக்குப் போ" என்றார் அண்ணன். "அங்கயும் நல்லாப் பார்ப்பாங்கள். உலகத்திலயே நல்ல வைத்தியமெண்டு சொல்லுறாங்கள். ஒண்டும் கட்டவும் தேவையில்லை."

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் சுப்பிரமணியன் வாயிலிருந்து வராத சொற்கள் இவை. தம்பியைத் தன் வீட்டுப் பக்கமிருந்து கிளப்ப வேண்டும் என்றதும் லண்டனின் வைத்தியம் ஒரு நிமிடத்தில் உயர்ந்துவிட்டது.

லண்டனுக்குத் திரும்பிய சந்திரகுமார் செய்த முதல் வேலை பாலேந்திராவின் கடைக்குப் போனது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அல்ல.

"சும்மா ஒரு செக்கப்புக்குப் போனனான். ஒரே நாள். மயக்கி, கமரா விட்டு, எல்லாம் கிளியர். அதுதானப்பா நாடு."

அன்றிரவு சுசிலாவிடம் அதுகூடச் சொல்லவில்லை. அண்ணன் வீட்டுக் கார்பெட் நன்றாக வந்ததா என்று அவள் கேட்டாள். வந்தது என்றார்.

புற்றுநோய் ஒருவருடைய வயிற்றில் இருந்தது, அதற்கான அத்தாட்சி வேறொருவருடைய பெயரில் இருந்தது. எங்கே போய் எதைக் காட்டுவது? சொன்னால் அண்ணன் மாட்டுவார், தானும் மாட்டலாம். ஆனால் அவர் வாயை மூடியிருந்ததற்கு அது மட்டும் காரணமில்லை. இரண்டு கிழமை கழித்து, தூக்கம் கெட்டுப்போய், அவர் கடைசியில் தன் பகுதி வைத்தியரிடம் போனார். போன் வரிசையில் நின்றார், பாட்டைக் கேட்டார், இடமும் கிடைத்தது. அங்கே இருந்தவள் நைஜீரியப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த ஒரு இளம் பெண். அவருடைய மகளை விடச் சின்னவளாகத் தெரிந்தாள். அவளைப் பார்த்ததும் சந்திரகுமாருக்கு ஒரு யோசனை வந்தது. அதை யோசனை என்று சொல்வதே அதற்குக் கொடுக்கும் அதிகப்படியான மரியாதை. இவள் கெட்டிக்காரி என்றால் தானே கண்டுபிடிக்கட்டும்.

இடைக்கிடை கொஞ்சம் இரத்தம் போகிறது என்று மட்டும் சொன்னார். அவள் எவ்வளவு காலம் என்று கேட்டாள். கொஞ்சக் காலம் என்றார். எடை குறைந்ததா? தெரியாது. குடும்பத்தில் யாருக்காவது? இல்லை. தபாலில் வந்த சோதனையை அனுப்பினாரா? இல்லை. அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். இரத்தப் பரிசோதனைக்கு எழுதினாள். கையில் ஒரு குப்பியைக் கொடுத்து, இதை இந்தக் கிழமைக்குள் கொண்டுவந்து தாருங்கள், முடிவைப் பார்த்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன் என்றாள்.

மறுபடியும் குப்பி! சந்திரகுமார் உள்ளுக்குள் வெற்றிச் சிரிப்புச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார். அங்கே ஒரே நாளில் கண்டுபிடித்ததை இவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. தான் ஒளித்து வைத்ததை அவள் காணவில்லை என்பதை அவர் லண்டனின் தோல்வியாக எழுதிக்கொண்டார். குப்பி அவருடைய வேலை வண்டியின் முன் பெட்டியில், கத்திகளோடும் ஆணிகளோடும் கிடந்தது. கொண்டுவரச் சொல்லி அந்த வைத்தியரின் சேர்ஜரியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. இன்னொன்றும் வந்தது. இரண்டையும் அழித்தார்.

இதற்கிடையில் உடம்பு தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது. காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. கார்பெட்டின் ஓரத்தை முழங்காலால் இடித்து இறுக்கும்போது அடிவயிறு பிடித்தது. ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வீட்டின் படிகளில் வேலை செய்துகொண்டிருந்தவர் பாதியில் உட்கார்ந்து, அடுத்த படிக்கு ஏற முடியாமல், வீட்டுக்காரியிடம் தண்ணீர் கேட்டார். அவள், டொக்டரிடம் போனீர்களா என்று கேட்டாள். "இந்த நாட்டு டொக்டரிட்டப் போய் என்ன பிரயோசனம், தங்கச்சி" என்றார். குரல் முன்போல ஏறவில்லை.

உண்மை வெளியே வந்தது சாப்பாட்டு நேரத்தில். சந்திரகுமார் தன் போனை எடுக்காததால் சுப்பிரமணியன் சுசிலாவின் போனுக்கு அடித்தார். அவள் கையில் சோறு. ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சுசிலா, அவன் எங்க? இவங்கள் என்னை விடுறாங்கள் இல்லை. குடும்ப டொக்டர் நேரில வீட்டுக்கு வந்திட்டார். ஒபரேஷனுக்கு நாள் வைச்சாச்சாம், ஏன் வரேல்லை எண்டு பேசுறார். என்ர மனுசி கடிதத்தைப் பார்த்துப்போட்டு, எனக்குக் கான்சரெண்டு ஒப்பாரி வைக்கிறாள்."

"உங்களுக்குக் கான்சரோ, அத்தான்?"

"எனக்கில்லை!"

"அப்ப ஆருக்கு?"

சுசிலா மேசைக்கு எதிர்ப்புறம் பார்த்தாள். சந்திரகுமார் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போனை வைத்தாள்.

அவர் சொன்னார். சொல்ல அதிக நேரம் எடுக்கவில்லை. கேட்டு முடிந்ததும் அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, திரும்ப உட்கார்ந்தாள்.

"இஞ்சத்த டொக்டரிட்டயும் போனீங்களோ?"

"ஓம்."

"சொன்னீங்களோ?"

"அவ கேக்கேல்லை."

"என்னெண்டு கேக்கிறது? 'அண்ணையின்ர கார்ட்டில எங்கயாவது போய்க் கமரா விட்டனீங்களோ' எண்டு கேக்கிறதோ?"

"டொக்டரெண்டா தானே கண்டுபிடிக்கட்டும் எண்டு விட்டன்."

சுசிலாவின் முகத்தில் கோபம்கூட இல்லை. ஒருவர்மேல் கோபப்பட அவர்மேல் கொஞ்சமாவது மதிப்பு வேண்டும்.

"எங்கட பள்ளிக்கூடத்தில நாலு வயசுப் பிள்ளையள் இருக்குதுகள்" என்றாள். "வயித்துக்குத்தெண்டா வயித்துக்குத்தெண்டு வந்து சொல்லுதுகள். நீ கண்டுபிடி எண்டு சொல்லாதுகள். அதுகளுக்கு இருக்கிற புத்தி உங்களுக்கு இல்லாமல் போச்சு."

"அண்ணை மாட்டுவாரப்பா."

"மாட்டட்டும். நீங்கள் செத்தா, அவர் அங்கயிருந்து போனில அழுவார். எந்த நாட்டில சவம் எடுக்கிறது நல்லமெண்டு மூண்டு பேரும் கதைப்பீங்களோ? ஓ, ரெண்டு பேர்தான் மிஞ்சுவீங்கள்."

அவள் திரும்பவும் போனை எடுத்து டோர்ட்முண்டுக்கு அடித்தாள்.

"அத்தான், நாளைக்கு இவர் இஞ்ச டொக்டரிட்ட எல்லாத்தையும் சொல்லப் போறார்."

"என்ர பேரைச் சொல்ல வேண்டாமெண்டு சொல்லு, பிள்ளை. எனக்குப் பென்ஷனுக்குக் கிட்டவாயிட்டுது."

"நீங்களும் உங்கட டொக்டரிட்டப் போய் உள்ளதைச் சொல்லுங்கோ. இல்லாட்டி வயித்தைக் குடுங்கோ, வெட்டட்டும்."

மறுநாள் காலை சுசிலாதான் பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அன்றைக்கே இடம் வாங்கினாள். வேலைக்குப் போகாமல் அவரோடு உள்ளேயும் வந்து உட்கார்ந்தாள். அதே இளம் வைத்தியர். குப்பியைக் கொண்டுவந்தீர்களா என்று கேட்டாள். சுசிலா, கணவர்தான் பேச வேண்டும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தன் உடைந்த ஆங்கிலத்தில் அவர் சொன்னார். ஜெர்மனி, அண்ணன், அட்டை, கமரா, டியூமர். டோர்ட்முண்டில் கொடுத்த அறிக்கையைப் போனில் படம் எடுத்து வைத்திருந்ததைக் காட்டினார். மேலே சுப்பிரமணியன் என்ற பெயர்.

வைத்தியர் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"போன முறை இந்த நாற்காலியில் இருந்தபோதே உங்களுக்கு இது தெரியுமா?"

"ஓம். யெஸ்."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

நீங்கள் கண்டுபிடிப்பீர்கள் என்று நினைத்தேன், என்றார் சந்திரகுமார். சுசிலாவிடம் வீம்பாக வந்த அதே விடை, இந்த அறைக்குள், ஆங்கிலத்தில், அவருக்கே கேட்கச் சகிக்கவில்லை. வைத்தியர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. இந்த அறிக்கையை உங்கள் கோப்பில் நான் வைக்க முடியாது, இது வேறொருவருடையது, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றாள். ஆனால் நீங்கள் சொன்னதை நான் எழுதலாம். உங்கள் அண்ணனும் தன் வைத்தியரிடம் சொல்லத்தான் வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு அவருக்கு உண்மையில் ஏதாவது வந்தால் பிழையான வைத்தியம் நடக்கும். பிறகு திரையின் பக்கம் திரும்பி, வேகமாகத் தட்டத் தொடங்கினாள். அவர்கள் எழும்புவதற்குள் அவசரக் கடிதம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. அழைப்பு வர இரண்டு கிழமைகூட ஆகவில்லை.

மீண்டும் கமரா. மீண்டும் சதை. இந்த முறை சொந்தப் பெயரில். சத்திரசிகிச்சை வைத்தியர் படங்களைக் காட்டினார். வளர்ந்திருக்கிறது, குடலின் சுவருக்குள் இறங்கியிருக்கிறது, வெளியே பரவியதாகத் தெரியவில்லை. வெட்டலாம். வெட்டிய பிறகு மருந்து ஏற்ற வேண்டி வரலாம். முன்னமே வந்திருந்தால் அது தேவைப்பட்டிருக்காது. கடைசி வசனத்தை அவர் குற்றமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். சந்திரகுமாருக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

சுப்பிரமணியன் கடைசியில் தன் வைத்தியரிடம் போனார். இன்சூரன்ஸ்காரர் என்ன செய்தார்கள் என்று யாருக்கும் சொல்லவில்லை. தம்பிக்குப் போன் எடுப்பதையும் நிறுத்திவிட்டார். பிரசாந்தினி மட்டும் எடுத்தாள். பிரான்சில் இதற்கு என்ன மருந்து கொடுப்பார்கள் என்று தொடங்கினாள். சுசிலா, "பேந்து கதைக்கிறன்" என்று வைத்துவிட்டாள்.

வெட்டி எடுத்த அடுத்த நாள் சந்திரகுமார் வார்டில் கிடந்தார். வயிற்றின் நடுவில் நீளமாகத் தையல், மூக்கில் குழாய், வாய் வறண்டிருந்தது. மணியை அழுத்தினால் தாதி உடனே வருவதில்லை. மற்ற நோயாளிகளையும் அவளே பார்க்க வேண்டும். வந்தபோது நனைத்த பஞ்சால் அவர் உதட்டைத் துடைத்துவிட்டு, குழாயைச் சரிசெய்து, அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அடுத்த கட்டிலில் ஒரு வங்காளதேசக்காரர். சந்திரகுமாரை விடக் கொஞ்சம் இளையவர். இத்தாலியில் பல காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். வயிற்று வலியென்று சேர்த்திருக்கிறார்கள், என்னவென்று இன்னும் தெரியவில்லை. இரத்தம் ஏதும் போகிறதா என்று தாதி கேட்டதற்கு அவசரமாகத் தலையை ஆட்டி இல்லை என்றார். அவள் போனதும் சந்திரகுமார் பக்கம் திரும்பி, தலையணையில் முழங்கையை ஊன்றி, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆங்கிலத்தில் தொடங்கினார்.

"அண்ணா, இவங்களுக்கு ஒன்றும் தெரியாது. இத்தாலியில் என்றால், மிலானில்..."

அந்த முகத்தைச் சந்திரகுமாருக்கு நன்றாகத் தெரிந்தது. அதிலிருந்த பெருமை, இகழ்ச்சி, உள்ளே பதுங்கியிருந்த பயம் எல்லாம் தெரிந்தது. அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"நேர்ஸ் கேட்டதுக்கு உண்மையைச் சொன்னீரோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்த மனிதர் பேச்சை நிறுத்தினார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

சந்திரகுமார் தையல் இழுபட, பல்லைக் கடித்துக்கொண்டு கையை எட்டினார். தாதியைக் கூப்பிடும் மணியை அழுத்தினார். அவள் வர நேரமெடுத்தது. வந்து, என்ன வேண்டும் என்று கேட்டாள்.

"எனக்கில்லை" என்றார். விரலால் அடுத்த கட்டிலைக் காட்டினார். "அவரை இன்னொருக்கா வடிவாக் கேளுங்கோ."

அது தமிழில் வந்துவிட்டதை உணர்ந்து, ஆங்கிலத்தில் திரும்பவும் சொன்னார்.